மோட்பஸ் கேட்வே மாட்யூலை அமைப்பது எப்படி: ஆர்எஸ்-485 வயரிலிருந்து டிசிபி டைம்-அவுட் வரை

மோட்பஸ் என்பது தொழிற்சாலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் ஒரு தொடர்பு மொழி. பவர் மீட்டர், வெப்பநிலை கன்ட்ரோலர், மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போன்றவை ஆர்எஸ்-485 என்ற சீரியல் வயரில் அதன் ஒரு வடிவமான மோட்பஸ் ஆர்டியு பேசும். மேலே இருக்கும் பிஎல்சியோ (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஸ்காடாவோ (எல்லாவற்றையும் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்) ஈதர்நெட்டில் இன்னொரு வடிவமான மோட்பஸ் டிசிபி பேசும். இந்த இரண்டையும் இணைப்பது கேட்வே மாட்யூல். அதில் நிரப்ப வேண்டிய செட்டிங் அதிகம் இல்லை. ஆனாலும் இந்த வேலை பலருக்கு நாள்கணக்கில் இழுக்கும். எந்த இடத்தில் தப்பு நடந்தாலும் திரையில் வரும் செய்தி ஒன்றே ஒன்றுதான் என்பது இதற்குக் காரணம். வயர் மாறிப் போனாலும் டைம்-அவுட் (நேரத்துக்குள் பதில் வரவில்லை), பேரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் பிட்) பொருந்தாவிட்டாலும் டைம்-அவுட், ஸ்லேவ் எண் (கருவியின் அடையாள எண்) தப்பானாலும் டைம்-அவுட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டுத் தேட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகச் சோதித்து உறுதிசெய்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மாட்யூலைத் தொடுவதற்கு முன்

பஸ்ஸில் (எல்லாக் கருவிகளும் பகிரும் ஒரே வயர் வரிசையில்) வரப்போகும் ஒவ்வொரு கருவிக்கும் அதன் மேனுவலைப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள்: ஸ்லேவ் எண், பாட் ரேட் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்), பேரிட்டி, ஸ்டாப் பிட் (ஒவ்வொரு எழுத்தின் முடிவைக் குறிக்கும் பிட்), வேண்டிய ரெஜிஸ்டர்கள் (கருவிக்குள் மதிப்புகள் இருக்கும் எண்ணிட்ட இடங்கள்), அவற்றைப் படிக்கும் ஃபங்ஷன் கோடு (எந்த வகைக் கட்டளை என்று சொல்லும் எண்), மதிப்பு 16 பிட்டா 32 பிட்டா, மைனஸ் வருமா, எதனால் வகுக்க வேண்டும்.

ஸ்லேவ் எண் 1 முதல் 247 வரை இருக்கலாம். 0 என்பது எல்லோருக்குமான அறிவிப்பு, அதற்கு எந்தக் கருவியும் பதில் அனுப்பாது. பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கருவிகள் பெரும்பாலும் 1 என்ற எண்ணோடுதான் வரும். அப்படி இரண்டை ஒரே வயரில் மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, இரண்டு பதிலும் கெட்டுப்போகும். அதனால் பஸ்ஸில் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, கருவியின் முகப்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

ஒரே பஸ்ஸில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் பாட் ரேட், பேரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பழைய கருவி ஒன்று 9600 மட்டுமே ஏற்கும் என்றால் மொத்த பஸ்ஸும் 9600தான். மோட்பஸ் விதிமுறை சொல்லும் இயல்பு அமைப்பு 19200, ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப் பிட். பேரிட்டி வேண்டாம் என்றால் 2 ஸ்டாப் பிட் வைக்கச் சொல்கிறது. அப்போதுதான் ஒரு எழுத்துக்கு (வயரில் போகும் ஒரு பைட்டுக்கு) 11 பிட் என்ற கணக்கு மாறாது. சந்தையில் வரும் கருவிகளில் பல இதைப் பொருட்படுத்தாமல் 9600, பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, எல்லாவற்றிலும் அதையே வையுங்கள்.

வயரிங்

ட்விஸ்டட் பேர் (முறுக்கிய இரட்டை வயர்) கேபிள், மேலே ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை), கூடவே கருவிகளின் கிரவுண்டை இணைக்கும் காமன் வயர் ஒன்று. இரண்டு வயர் போதும் என்று காமனை விட்டுவிடுபவர்கள் நிறைய. ஆர்எஸ்-485 ரிசீவர் தன் கிரவுண்டை ஒப்பிட்டு மைனஸ் 7 வோல்ட் முதல் பிளஸ் 12 வோல்ட் வரையே தாங்கும்படி வரையறுக்கப்பட்டது. இரண்டு பேனலின் கிரவுண்டுக்கு நடுவே அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். சில நேரம் சிப்பே போய்விடும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். காமன் வயருக்குப் பதிலாக ஷீல்டைப் பயன்படுத்தாதீர்கள்.

கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாகக் கோக்க வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு பக்கம் பிரிக்கக் கூடாது. பிரிந்து போகும் ஒவ்வொரு வயரின் முனையிலும் சிக்னல் மோதித் திரும்பும். வேகமும் நீளமும் கூடக்கூட அது தெரியத் தொடங்கும். வழக்கமான கணக்கில் 1200 மீட்டர் வரை, சாதாரண ரிசீவர் என்றால் 32 கருவிகள் வரை போகலாம். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் இதைப் போடாதீர்கள். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இரண்டு டேட்டா வயருக்கும் ஏ, பி என்று போட்டிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். ஆர்எஸ்-485 தரத்தின்படி ஓய்வு நிலையில் பி தான் ஏ-யைவிட பாசிட்டிவ். ஆனால் பல தயாரிப்பாளர்கள் ஏ-யைப் பாசிட்டிவ் என்று அச்சிடுகிறார்கள். டி பிளஸ், டி மைனஸ் என்ற குறி மேனுவலில் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் ஒரு கருவியை மட்டும் மாட்டிப் பாருங்கள், பதில் வரவில்லை என்றால் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். மாற்றிப் போடுவதால் எதுவும் கெடாது.

டெர்மினேஷன் (சிக்னல் மோதித் திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர்) 120 ஓம், பஸ்ஸின் இரு கோடிகளில் மட்டும். பல கேட்வேயிலும் டிரைவிலும் உள்ளேயே இந்த ரெசிஸ்டர் இருக்கும், டிப் சுவிட்ச் (கருவியில் இருக்கும் குட்டி சுவிட்ச்) தள்ளினால் சேர்ந்துவிடும். சிக்கலே அங்கேதான்: நடுவில் இருக்கும் கருவியின் சுவிட்ச் தெரியாமல் ஆனில் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க எல்லாக் கருவிக்கும் பவரை நிறுத்திவிட்டு டி பிளஸ், டி மைனஸ் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். 60-க்கு அருகில் வந்தால் சரி. 120 வந்தால் ஒரு கோடியில் டெர்மினேஷன் இல்லை. 40 வந்தால் மூன்றாவது ஒன்று எங்கோ சேர்ந்திருக்கிறது.

அடுத்தது பயாஸ், அதாவது ஓய்வு நேரத்தில் வயர்களை ஒரு நிலையில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்கள். யாரும் பேசாத நேரத்தில் இரண்டு வயருக்கும் நடுவே குறைந்தது 200 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால்தான் ரிசீவருக்கு இது ஓய்வு நிலை என்று சந்தேகமில்லாமல் தெரியும். டெர்மினேஷன் மாட்டி, பயாஸ் கொடுக்காமல் விட்டால் 60 ஓம் அந்த வித்தியாசத்தைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். அப்போது இல்லாத எழுத்துகள் வந்ததாக ரிசீவர் எடுத்துக்கொள்ளும், ஃபிரேம் எரர் எண்ணிக்கை ஏறும். 5 வோல்ட்டுக்கும் டி பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு 560 ஓம், டி மைனஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 560 ஓம் வைத்தால் சுமார் 250 மில்லிவோல்ட் கிடைக்கும், போதும். பயாஸ் பஸ்ஸில் ஒரே இடத்தில் இருக்கட்டும், பெரும்பாலும் கேட்வேயிலேயே அதற்கு சுவிட்ச் இருக்கும். பவர் கொடுத்து, கேட்வே கேள்வி அனுப்புவதை நிறுத்திவிட்டு டிசி வோல்ட்டில் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு கருவியோடு சோதனை

கேட்வேயில் சீரியல் போர்ட் செட்டிங்கை நிரப்புங்கள்: மோடு ஆர்எஸ்-485 இரண்டு வயர், பாட் ரேட், 8 டேட்டா பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட், புரோட்டோகால் ஆர்டியு மாஸ்டர் (கேள்வி கேட்கும் பக்கம்). இணைப்பு வகையையோ பாட் ரேட்டையோ டிப் சுவிட்சில் வைக்கும் மாட்யூல்களில் பல, சுவிட்சைப் பவர் ஆன் ஆகும்போது மட்டுமே படிக்கும். சுவிட்சைத் தள்ளினால் பவரை ஒருமுறை நிறுத்திப் போட மறக்காதீர்கள்.

பஸ்ஸில் ஒரே ஒரு மீட்டரை விட்டு மற்றதைக் கழற்றுங்கள். லேப்டாப்பில் ஏதாவது ஒரு மோட்பஸ் சோதனை மென்பொருளிலிருந்து அந்த மீட்டரின் ஒரே ஒரு ரெஜிஸ்டரைக் கேளுங்கள். கேட்வேயின் இரண்டு எல்இடியையும் கவனியுங்கள்: டிஎக்ஸ் கேள்வி போவதைக் காட்டும், ஆர்எக்ஸ் பதில் வருவதைக் காட்டும்.

டிஎக்ஸ் மினுங்கி ஆர்எக்ஸ் மினுங்காவிட்டால் மீட்டர் பேசவே இல்லை. வயர் இடம் மாறியது, ஸ்லேவ் எண், பாட் ரேட், பேரிட்டி என்ற வரிசையில் பாருங்கள். கெட்டுப்போன கேள்வி வந்தால் மோட்பஸ் கருவி பதிலே சொல்லாமல் மௌனமாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மௌனத்தை வைத்து இந்த நான்கில் எது என்று பிரிக்க முடியாது, ஒவ்வொன்றாக மாற்றித்தான் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் மினுங்கியும் எரர் வந்தால் பதில் வருகிறது, ஆனால் சிதைந்து வருகிறது: ஒரே எண்ணில் இரண்டு கருவி, பயாஸ் இல்லாமை, இரைச்சல் மூன்றில் ஒன்று. டிஎக்ஸே மினுங்கவில்லை என்றால் கேள்வி கேட்வேயின் சீரியல் பக்கத்துக்கே வந்து சேரவில்லை, ஈதர்நெட் பக்கம் பாருங்கள்.

எக்ஸெப்ஷன் பதில் (காரண எண்ணோடு வரும் மறுப்பு) வந்தால் மகிழ்ச்சி அடையலாம். எக்ஸெப்ஷன் 1, 2, 3 வந்தால் கருவி உங்கள் கேள்வியை முழுதாகப் புரிந்துகொண்டு மறுத்திருக்கிறது. வயர், வேகம், பேரிட்டி, ஸ்லேவ் எண் எல்லாம் சரி என்பதற்கு அதுவே சான்று. 1 என்றால் அந்த ஃபங்ஷன் கோடு அதற்குத் தெரியாது. 2 என்றால் அந்த ரெஜிஸ்டர் முகவரி இல்லை. 3 என்றால் கேட்ட எண்ணிக்கையோ எழுதிய மதிப்போ ஏற்கத்தக்கதல்ல. 10, 11 மட்டும் வேறு: அவை கேட்வேயே சொல்பவை. 10 வந்தால் அந்த ஸ்லேவ் எண்ணுக்கான வழி கேட்வேயில் அமைக்கப்படவில்லை. 11 வந்தால் கேட்வே கேட்டுப் பார்த்தது, கருவி பதில் சொல்லவில்லை.

முதல் மீட்டர் பேசிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். சேர்க்கும்போதெல்லாம் முன்பு பேசியவை இன்னும் பேசுகின்றனவா என்றும் பாருங்கள்.

மதிப்பு வருகிறது, ஆனால் தப்பாக வருகிறது

மேனுவலில் 40001 என்று இருந்தால் வயரில் போகும் முகவரி 0. 40108 என்றால் 107. முதல் இலக்கமான 4 ஹோல்டிங் ரெஜிஸ்டர் என்ற வகையைச் சொல்கிறது, அதற்கு ஃபங்ஷன் கோடு 3. 3-ல் தொடங்கும் 30001 இன்புட் ரெஜிஸ்டர், அதற்கு 4. சில மேனுவல்கள் நேராக வயர் முகவரியையே கொடுக்கும், சில மென்பொருள்கள் தாமாகவே ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் ஒரு இடம் தள்ளிப் படிப்பீர்கள்: ஒய் ஃபேஸ் வோல்ட்டேஜ் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் ஃபேஸ் இருக்கும். மூன்று ஃபேஸும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்பதால் இது கண்ணில் படாமலேயே போய்விடும். சுமை வித்தியாசப்படும் கரன்ட் ரெஜிஸ்டரை மீட்டரின் திரையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

32 பிட் மதிப்பு இரண்டு ரெஜிஸ்டரில் வரும், எந்தப் பாதி முதலில் என்பதை மோட்பஸ் விதிமுறை வரையறுக்கவில்லை. 230.0 என்ற ஃப்ளோட் (தசமப் புள்ளியுள்ள எண்) மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் அது 4366, 0000 என்ற இரண்டு ரெஜிஸ்டர். பாதிகள் இடம் மாறி 0000, 4366 என்று படித்தால் பூஜ்யத்தை ஒட்டிய மிகச் சிறிய எண் ஆகிவிடும், திரையில் 0.0 என்று காட்டும். மீட்டர் செத்துவிட்டது என்று கழற்றத் தொடங்குவதற்கு முன் வேர்டு ஆர்டர் (எந்தப் பாதி முதலில்) செட்டிங்கை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ரெஜிஸ்டருக்குள்ளும் பைட்டுகள் இடம் மாறியிருந்தால் அதே 230 ஒரு 24 இலக்க எண்ணாகத் தெரியும். வெப்பநிலை திடீரென்று 65531 என்று காட்டினால் அது மைனஸ் 5. டேட்டா வகையைக் குறியுள்ள 16 பிட் என்று மாற்றுங்கள்.

ஈதர்நெட் பக்கம்

மாட்யூலுக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். டிஎச்சிபி (ஐபியைத் தானாகத் தரும் முறை) கட்டாயம் என்ற நெட்வொர்க்கில் மாட்யூலின் மேக் முகவரியை (அதன் வன்பொருள் எண்ணை) வைத்து ரிசர்வ் செய்யச் சொல்லுங்கள். என்றோ ஒருநாள் பவர் போய் வந்து ஐபி மாறிவிட்டால் ஸ்காடா பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பின் ஐபி 169.254 என்று தொடங்கினால் அதற்கு டிஎச்சிபி கிடைக்கவில்லை. மாட்யூல் 192.168.1.50 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். ஸ்காடா வேறு நெட்வொர்க்கில் இருந்தால் மாட்யூலில் டிஃபால்ட் கேட்வே முகவரியும் (மற்ற நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி) வேண்டும். பக்கத்து லேப்டாப்பிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், ஸ்காடாவிலிருந்து போகாது என்றால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

பிங் ஒரு நேரம் வந்து ஒரு நேரம் வராவிட்டால் அதே ஐபி வேறு எதற்காவது இருக்கிறதா என்று பாருங்கள். மாட்யூலின் ஈதர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு பிங் கொடுங்கள். அப்போதும் பதில் வந்தால் அந்த முகவரியில் வேறொரு கருவி உட்கார்ந்திருக்கிறது.

மோட்பஸ் டிசிபி-யின் போர்ட் எண் 502. யூனிட் ஐடி கட்டத்தில் பின்னால் இருக்கும் மீட்டரின் ஸ்லேவ் எண்ணைப் போட வேண்டும். கேட்வே எந்த மீட்டரைக் கேட்பது என்பதை அதை வைத்தே முடிவுசெய்கிறது. ஒரு மாட்யூல் ஒரே நேரத்தில் ஏற்கும் டிசிபி இணைப்புகளுக்கு உச்ச வரம்பு உண்டு. சோதனைக்குத் திறந்த லேப்டாப் மென்பொருளை மூடாமல் விட்டால் ஒரு இணைப்பை அது பிடித்துக்கொள்ளும், ஸ்காடாவுக்கு இடம் இல்லாமல் போகலாம். கேபிளைப் பிடுங்கியதால் பாதியில் செத்துப்போன இணைப்பும் அப்படியே இடத்தை அடைத்துக் கிடக்கும். அதற்காகத்தான் சும்மா கிடக்கும் இணைப்பைத் தானாக மூடும் ஐடில் டைம்-அவுட். 60 விநாடி போலக் கொடுங்கள், ஆனால் ஸ்காடா கேட்கும் இடைவெளியைவிட அது அதிகமாக இருக்கட்டும்.

நேரக் கணக்கு

இந்தப் பகுதியை நிறைய பேர் தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்களில் வரும் புரியாத கோளாறுகளில் பலவும் இங்கிருந்துதான் கிளம்பும்.

ஒரு பஸ்ஸில் 11 மீட்டர், 1 டிரைவ், வேகம் 9600 என்று வைத்துக்கொள்வோம். ஒரு எழுத்துக்கு 11 பிட், அதாவது 1.15 மில்லிவிநாடி. 8 பைட் கேள்விக்கு 9 மில்லிவிநாடி. 10 ரெஜிஸ்டர் கேட்டால் பதில் 25 பைட், 29 மில்லிவிநாடி. ஃபிரேம்களுக்கு (முழுக் கேள்வி அல்லது பதிலுக்கு) நடுவே மூன்றரை எழுத்து நேரம் அமைதி வேண்டும், இரண்டு முறைக்கு 8. மீட்டர் யோசிக்க 20 என்று வைத்தால் மொத்தம் 66. பன்னிரண்டு கருவிக்கும் ஒரு சுற்று சுமார் 0.8 விநாடி.

அதே 10 ரெஜிஸ்டரை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரு கேள்விக்கு 45 மில்லிவிநாடி, பத்துக்கு 450. வேகத்தைக் கூட்டுவதற்கு முன் அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் சேருங்கள். ஒரு கேள்விக்கு 125 ரெஜிஸ்டர் வரை கேட்கலாம். நடுவில் இல்லாத ரெஜிஸ்டர் இருந்தால் சில கருவிகள் எக்ஸெப்ஷன் 2 கொடுக்கும், அங்கே இரண்டாகப் பிரியுங்கள். 19200-க்குப் போனாலும் நேரம் பாதியாகாது, ஒரு கேள்விக்கு 43 ஆகும். கருவி யோசிக்கும் நேரம் மாறுவதில்லையே.

இப்போது ஒரு மீட்டருக்குப் பவர் போய்விட்டது என்று வையுங்கள். டைம்-அவுட் 1000 மில்லிவிநாடி, மறுமுயற்சி 3 என்றால் அந்த ஒரு மீட்டருக்காக ஒவ்வொரு சுற்றிலும் 4 விநாடி வீண். சுற்று 0.8-லிருந்து கிட்டத்தட்ட 5 விநாடியாகிவிடும். டிரைவில் தொடர்பு இழப்பு நேரம் 3 விநாடி என்று வைத்திருந்தால் டிரைவ் ட்ரிப் ஆகும் (பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்). எல்லோரும் டிரைவைத் திறந்து பார்ப்பார்கள், டிரைவில் எந்தக் கோளாறும் இருக்காது. டைம்-அவுட்டை 200, மறுமுயற்சியை 1 என்று வைத்தால் அதே மீட்டர் வீணாக்குவது 0.4 விநாடி மட்டுமே. செத்த கருவியை அரிதாகக் கேட்கும் வசதி மாட்யூலில் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். டிரைவைத் தனி சீரியல் போர்ட்டில் மாட்ட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

டைம்-அவுட்டைக் குறைக்கும்போது மிக நீளமான பதிலைக் கணக்கில் எடுங்கள். 60 ரெஜிஸ்டர் கேட்டால் பதில் 125 பைட், 9600-ல் அதற்கு மட்டும் 143 மில்லிவிநாடி. பதில் முடியும்வரை டைம்-அவுட்டை எண்ணும் மாட்யூலில் 200 அப்போது நெருக்கடி, 400 வையுங்கள்.

மேலே உள்ள ஸ்காடாவின் டைம்-அவுட், கேட்வே ஒரு கருவிக்காகக் காத்திருக்கும் மொத்த நேரத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். கேட்வேயில் 400, மறுமுயற்சி 1 என்றால் 800 ஆகிறது. ஸ்காடாவில் 1500-க்குக் குறையாமல் கொடுங்கள், இரண்டு மாஸ்டர் கேட்டால் வரிசையில் நிற்கும் நேரத்துக்காக இன்னும் கூட்டுங்கள். தலைகீழாக இருந்தால் கேட்வே இன்னும் காத்திருக்கும்போதே ஸ்காடா பொறுமையிழந்து அதே கேள்வியை மறுபடி அனுப்பும். பழைய கேள்விகள் வரிசையில் தேங்கும், பதில்கள் எல்லாம் காலம் கடந்து வரும், ஒரே ஒரு மீட்டர் செத்தாலும் எல்லா மீட்டரும் செத்ததாகத் திரை காட்டும்.

தொடர்பு அறுந்தால் என்ன ஆக வேண்டும்

அவுட்புட் உள்ள கருவி எதுவாக இருந்தாலும் இதற்கொரு செட்டிங் இருக்கும்: கடைசி நிலையிலேயே இரு, பூஜ்யத்துக்குப் போ, சொல்லிவைத்த மதிப்புக்குப் போ. எது சரி என்பதைச் செயல்முறை தெரிந்தவரோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். குளிர்விக்கும் பம்ப் நிற்கக் கூடாது, கன்வேயர் ஓடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே விடை இல்லை. எமர்ஜென்சி ஸ்டாப்பை ஒருபோதும் மோட்பஸ் வழியாக மட்டும் விடாதீர்கள், அது தனி வயரில்தான் வர வேண்டும்.

கேட்வேயிலும் கவனம் வேண்டும். பதில் வராதபோது பழைய மதிப்பையே தொடர்ந்து கொடுக்கும் மாட்யூல்கள் உண்டு. அப்படியானதில் எரர் அனுப்பு என்ற தேர்வை எடுங்கள், அல்லது ஒவ்வொரு கருவியின் தொடர்பு நிலை பிட்டையும் ஸ்காடாவில் அலாரமாகச் சேருங்கள். பிறகு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் ஆபத்தில்லாத நேரத்தில், சீரியல் வயரையும் ஈதர்நெட் வயரையும் தனித்தனியாகப் பிடுங்கிப் பாருங்கள். நினைத்தது நடக்கிறதா, மறுபடி மாட்டினால் தானாகத் திரும்புகிறதா என்று இரண்டையும் கவனியுங்கள்.

சேமிப்பதும் பூட்டுவதும்

பல மாட்யூல்களில் அப்ளை வேறு, சேவ் வேறு. அப்ளை மட்டும் செய்தால் அடுத்த பவர் கட்டில் எல்லாம் பறந்துவிடும். சேவ் செய்து, பவரை நிறுத்தி, பத்து விநாடி கழித்துப் போட்டு மறுபடி சோதியுங்கள். கூடவே தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

மோட்பஸ் டிசிபி-யில் கடவுச்சொல்லும் இல்லை, மறைகுறியாக்கமும் இல்லை. போர்ட் 502-ஐ எட்டக்கூடிய யாரும் டிரைவின் வேகத்தை எழுதலாம். அதனால் இந்த மாட்யூல் அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரிந்த தனி விலேனில் (பிரித்துவைத்த உள் நெட்வொர்க்கில்) இருக்க வேண்டும், இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி ஒருபோதும் வைக்கக் கூடாது. எந்த ஐபி-க்கு அனுமதி என்ற பட்டியல் மாட்யூலில் இருந்தால் ஸ்காடாவையும் பராமரிப்பு லேப்டாப்பையும் மட்டும் சேருங்கள்.

கான்ஃபிகரேஷன் கோப்பை டவுன்லோட் செய்து ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு எண்ணோடு பாதுகாத்து வையுங்கள். பதிப்பு வேறுபட்டால் சில மாட்யூல்கள் பழைய கோப்பை ஏற்காது. டிப் சுவிட்ச் நிலை அந்தக் கோப்பில் வராது. அதைப் படம் எடுத்து, முதலில் எழுதிய ஸ்லேவ் எண் பட்டியலோடு சேர்த்துப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.